மோருக்கு உப்பு போடலை

இதென்ன அம்மிணி கையில, வண்ணாத்திப் பூச்சியா? ஒட்டுனதா, குத்துனதா? குத்துனதா. வலிச்சிருக்குமே. தப்பா எடுத்துக்காத, திருப்பூர்ல பஸ் ஏறுனதுலருந்து அதையேதான் பாத்துட்டு வர்றேன். நீயும் கவனிச்சிருப்ப, இந்தப் பொம்பள என்ன நம்ம கையையே மொறைக்கறான்னு. மொறைக்கல சாமி. எனக்கு இப்ப யாரு கையில எது இருந்தாலும் பாக்கத் தோணுது. அப்புடி ஒரு கூத்து எங்க ஊட்ல நடந்து போச்சு.

உன்னுது பரவால்ல, பூச்சி. பாத்தா பாக்கறவங்களுக்குப் புரியும். என்ற புள்ள என்ன குத்திட்டு வந்து நின்னா தெரியுமா?

'மோருக்கு உப்பு போடலை.'

சிரிக்காத. அதத்தான் குத்திட்டு வந்தா. முழங்கைக்குக் கீழருந்து மணிக்கட்டு வரைக்கும், இத்தன நீளத்துக்கு. சாமி பேரு இல்ல, பூவு இல்ல, ஒரு மயிலு இல்ல. மோருக்கு உப்பு போடலை. அதுவும் என்ற எழுத்துல. நான் எப்பவோ எழுதி வெச்ச தாள எடுத்துட்டுப் போயி, அதே மாதிரி வேணும்னு சொல்லிக் குத்திக்கிட்டு வந்திருக்கறா. அந்தக் கடைக்காரன் இருக்கறானே, அவனுக்காச்சும் புத்தி வேண்டாமா? ஏம்மா, உப்பு போடலைன்னா போட்டுக்க வேண்டியதுதான, இதுக்கு எதுக்குக் கையப் புண்ணாக்கறேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டான்?

அதுலயும் ஒரு வார்த்தைய நான் எழுதிட்டு அடிச்சிருந்தேன். அந்த அடிச்சதையும் அப்புடியே குத்தி வெச்சிருக்கறான் அம்மிணி. கோடு மேல கோடு. என்ன வேலைக்காரன் அவன்.

என்ற பேரு துளசிமணி. பனியன் கம்பெனி கேண்டீன்ல சமையலு. வெடியறதுக்கு முன்னாடி போயி அடுப்புப் பத்த வெக்கோணும். என்ற புள்ள தர்சினி காலேஜ் போறப்பவும் அப்புடித்தான். அவ எந்திரிக்கறப்ப நான் ஊட்ல இருக்க மாட்டேன். அவங்கப்பா நாச்சிமுத்து லேத் பட்டறையில வேல, அவரு எந்திரிச்சா காப்பி, பேப்பரு, அவ்வளவுதான். புள்ள என்ன திங்கறா, எத எடுத்துட்டுப் போறான்னு அவருக்குத் தெரியாது. அதனால நான் கெளம்பறப்ப ஒரு தாள்ல எழுதி சட்டி மூடி மேல வெச்சுட்டுப் போவேன். தாளுக்குன்னு எங்க போறது? சமையக்கட்டுல தேதிக் காலண்டர் மாட்டியிருக்கும். நேத்துத் தேதியக் கிழிச்சா பின்னாடி வெள்ளையாத்தான இருக்குது. பேனாவ நூல்ல கட்டி அந்த ஆணியிலயே தொங்க விட்டிருந்தேன்.

'கண்ணு, ரசத்தச் சூடு பண்ணிக்க.' 'கண்ணு, துணி மொட்டை மாடியில கெடக்குது, மழை வந்தா எடு.' 'கண்ணு, அப்பா பேச்சக் கேட்டுட்டு காலையில பஜ்ஜி திங்காத.' இப்புடி. இது ஒண்ணும் பாசம் கீசம்னு நெனச்சுக்காத. சோலி. நின்னு சொல்ல ஆளில்லாததால எழுதி வெச்சது.

எனக்கு எழுத்து வராது அம்மிணி. ஆறாவதோட நிறுத்திட்டாங்க. கோழி கிளறுனாட்ட இருக்கும். கேண்டீன் வாசல்ல இன்னிக்கு இன்ன சாப்பாடுன்னு போர்டுல எழுதறதுக்கு தையல்ல இருக்கற புள்ள ஒண்ணத்தான் கூப்புடுவாங்க. ஒருக்கா அது லீவு போட்டுருச்சுன்னு நான் எழுதுனேன். தக்காளிச் சோறுன்னு எழுதுனேன், வந்தவங்க எல்லாம் என்னக்கா இன்னிக்கு எலி கிலி ஓடிப்போச்சா போர்டு மேலன்னு கேட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கோட நான் வெளிய எங்கயும் எழுதறதில்ல. ஊட்ல மட்டும்தான். ஊட்ல யாரு பாக்கப்போறா.

பொறவு போன் வந்துச்சு. புள்ளயே வாங்கிக் குடுத்தா. அதுல ஒரு பொத்தான அமுக்கிப் புடிச்சுட்டுப் பேசுனா போதும், போயிருது. 'ரசம் இருக்குது, சூடு பண்ணிக்க.' முடிஞ்சுது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எழுத்துத் தொல்ல விட்டுதுடா சாமின்னு இருந்துச்சு. பேனா தொங்குன எடத்துலயே காஞ்சு போச்சு. கிழிச்ச தாளு குப்பைக்குப் போச்சு. கொஞ்ச நாளு கழிச்சு அவ கேட்டா, ஏம்மா இப்பெல்லாம் எழுதறதே இல்லன்னு. அதான் வாயில சொல்றனேன்னேன். அது வேறம்மான்னா. என்ன வேற? அதே ரசம்தான.

அப்பறம் அவ கோயமுத்தூர்ல வேலைக்குப் போயிட்டா. பீளமேட்டுல ஹாஸ்டல்லு. இந்த பஸ்ஸுல மாசத்துக்கு ரெண்டு தடவ நான் போறதும் அவ வர்றதுமா ஓடிட்டிருந்துச்சு. அப்பத்தான் இந்தப் பொள்ளாச்சிச் சம்பந்தம் வந்துச்சு. பையன் பேரு நவநீதன். தேங்கா மண்டி வெச்சிருக்கறாங்க. நல்ல எடம். பையனோட அம்மா கோகிலவாணின்னு, மண்டியவே அந்தம்மாதான் நடத்துது. ஒரு வார்த்த எச்சாப் பேச மாட்டாங்க, ஆனா எல்லாத்தையும் பாத்துக்குவாங்கன்னு தரகரு சொன்னாரு. இந்த எடம் அமையோணும்னு நான் வேண்டாத சாமி இல்ல.

ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. சனிக்கெழம புள்ள வந்து எறங்குனா. சித்திர வெயிலு, மண்டையப் பொளக்குது, இவ முழுக்கைச் சட்ட போட்டிருக்கறா. என்னடின்னா, ஹாஸ்டல்ல ஏசி, பழக்கமாயிருச்சுங்கறா. சரின்னு விட்டுட்டேன். பொழுதோட கை கழுவறப்ப கைய மடிச்சா பாரு, அங்க என்னமோ கிறுக்கியிருக்குது. பேனாவுல எதையோ எழுதி வெச்சிருக்கறான்னு நெனச்சு, தேங்கா நார எடுத்து சோப்பப் போட்டு நானே தேய்க்கறேன். போகல. இன்னும் அழுத்தித் தேய்க்கறேன். அம்மா அம்மா அது போகாதும்மா, டாட்டூம்மான்னு அவ கத்தறா.

நான் கண்ணாடியப் போட்டுட்டுப் பாத்தேன். பாத்தா எனக்கு எழுத்தே படிக்க வரல. யாருடி இத எழுதுனது, இத்தன கேவலமா இருக்குதுன்னேன்.

உன்ற எழுத்துத்தாம்மான்னா.

எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு நீயே சொல்லு. ஊட்டுக்குள்ள, சட்டி மூடி மேல கெடந்த எழுத்து. அத இவ கோயமுத்தூரு முழுக்கக் காட்டிட்டுத் திரியறா. ஆபீஸுல அத்தன பேரு பாத்திருப்பாங்க. அழிச்சிட்டு வா, இப்பவே போயி அழிச்சிட்டு வான்னேன். நாளைக்குள்ள அழிக்க முடியாதும்மா, லேசர்ல சுடோணும், பல தடவ போகோணும்னா. அப்ப சுடுன்னேன். எழுதறதுன்னா சொல்லியிருக்கலாமில்ல, நல்லதா எதாவது, முருகன் துணைன்னு எழுதிக் குடுத்திருப்பேனேன்னேன். அவங்கப்பா உள்ளருந்து எட்டிப் பாத்து, கையத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு, உன்ற எழுத்து இத்தன வருசத்துல இப்பத்தான் தெளிவா இருக்குது துளசின்னாரு. அந்த மனுசனுக்கு எதுலயும் வெளையாட்டுத்தான்.

எப்புடி மறைக்கறதுன்னு அன்னிக்கு ராத்திரி பூராவும் அதே ரோசன. துணிய சுத்தி, குக்கரு ஆவி பட்டுருச்சுன்னு சொல்லிரலாம்னேன். கை வெந்த புள்ளையை எதுக்குச் சபையில நிறுத்தறீங்கன்னு கேப்பாங்கன்னு அவரு சொல்லிட்டாரு. வளையல முழங்கை வரைக்கும் அடுக்கிப் பாத்தேன். வளையல் விக்கறவளாட்ட இருந்துச்சு. கடைசியில முழுக்கைச் சுடிதாருதான்னு முடிவாச்சு. சேல கட்டலியான்னு கேட்டா வெயிலுன்னு சொல்லிக்கலாம். வெயிலுக்கு எவளாச்சும் முழுக்கை போடுவாளா? அதெல்லாம் ரோசிக்க எங்க நேரம்.

வந்துட்டாங்க. காருல பையன், அவங்கம்மா, அவங்கப்பா, ஒரு சித்தி. நல்லாத்தான் பேசுனாங்க. மத்தியானம் சாப்பாடு எங்க ஊட்லயே. எலை போட்டாச்சு. எனக்கு இருக்கற பதட்டத்துல கையும் ஓடல காலும் ஓடல. ஊருக்கே சமைக்கறவ நானு, ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் சமைக்கறப்ப கரண்டிய எங்க வெச்சேன்னு தேடறேன். அவியலு, சாம்பாரு, ரசம் எல்லாம் ஆச்சு. எல்லாம் நல்லாருக்குதுன்னாங்க. கோகிலவாணியம்மா மட்டும் ஒண்ணும் சொல்லாம சாப்புட்டுட்டே இருந்தாங்க. மோரு ஊத்தறதுக்குப் புள்ளையப் போகச் சொன்னேன். மோருச் சொம்பு நெறைய இருந்துச்சு, கையில ஊத்திக்குவோம்னு அவ சட்டக் கைய மேல ஏத்தி விட்டுக்கிட்டா. பழக்கம் பாரு. நான் சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டு கண்ணால சாடை காட்டறேன், அவ பாக்கவே இல்ல.

பையனுக்கு ஊத்துனா. அவங்கம்மாவுக்கு ஊத்துனா. கோகிலவாணியம்மா ஒரு வாய் எடுத்து வெச்சாங்க. நிறுத்துனாங்க.

"மோர்ல உப்பு இல்லீங்களே."

பதட்டத்துல நெசமாவே போடல. இதச் சொல்லலாமா, அதச் சொல்லலாமான்னு நான் வாயத் தெறக்கறதுக்குள்ள, அந்தப் பையன் இருக்கறானே நவநீதன், அவன் புள்ள கையவே பாத்துட்டிருந்தவன், மெதுவாச் சொல்றான்: "அம்மா, அவங்க கையிலயே எழுதியிருக்குதுங்க."

முதல்ல சிரிச்சது எங்க ஊட்டுக்காரரு. அப்பறம் அந்தப் பையனோட அப்பா. அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்து மோரு பொறையேறி, சித்தி எந்திரிச்சுத் தலையத் தட்டறாங்க. புள்ளையும் சிரிக்கறா. நான் உப்பு டப்பாவக் கையில வெச்சுட்டு நிக்கறேன். கோகிலவாணியம்மா மட்டும் சிரிக்கல. எடது கையில கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு, புள்ள கையப் புடிச்சுப் பக்கத்துல கொண்டுவந்து படிச்சாங்க. படிச்சுட்டு, இது யாரு எழுத்துன்னாங்க. அம்மாதுங்கன்னா. இங்க அடிச்சிருக்குதே, இது என்னன்னாங்க.

அப்பத்தான் அம்மிணி அவ சொன்னா. எனக்கே அதுவரைக்கும் சொல்லல.

"எங்கம்மா எப்பவும் கண்ணுன்னுதாங்க ஆரம்பிப்பாங்க. நான் கோயமுத்தூரு வேலைக்குப் போறேன்னு சொன்னதுக்குப் பெரிய சண்ட. ஏங்கிட்டப் பேசாதேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாங்க. காலையில பாத்தா ரொம்ப நாளைக்கப்பறம் தாளு இருந்துச்சு. பழக்கத்துல கண்ணுன்னு எழுதிட்டாங்க போல. அப்பறம் கோவம் ஞாபகம் வந்து அத அடிச்சுட்டு, மோருக்கு உப்பு போடலைன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. அடிச்சாலும் தெரியுதுங்க பாருங்க, கண்ணுன்னு. இதையே போன்ல எழுதியிருந்தா, அழிச்சதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஹாஸ்டல்ல மனசு சரியில்லாதப்ப அந்தத் தாளத்தான் எடுத்துப் பாப்பேன். மடிச்சு மடிச்சு கிழிஞ்சு போற மாதிரி ஆயிருச்சு. அதான் கையில எழுதி வாங்கிட்டேன்."

நான் போயி உப்பப் போட்டுட்டு வந்தேன். வேற என்ன பண்றது.

உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, அந்தத் தாளு எழுதுன அன்னிக்கு உப்பு போடாததே கோவத்துலதான். வேணும்னேதான் போடல. மோரு எடுத்து வெச்சேன்னு பேருக்கு இருக்கட்டும், உப்பில்லாமக் குடிக்கட்டும்னு. செருப்ப மாட்டிட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். போனா, இத வாயில வெச்சா புள்ள மூஞ்சி சுருங்குமேன்னு ஒரு நெனப்பு. பேசாதேன்னு சொன்னவ போன்லயும் எப்புடிப் பேசறது, திரும்பி வந்து காஞ்ச பேனாவ ஒதறி எழுதி வெச்சேன். அவ்வளவுதான் சங்கதி. இதுல குத்திக்கற அளவுக்கு என்ன இருக்குது? நீயும் ஏன் அம்மிணி மூஞ்சிய அப்புடித் திருப்பிக்கற? தூசி பட்டுருச்சா? சன்னலச் சாத்து.

அவங்க போயிட்டாங்க. போறப்ப ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளு நான் சரியாச் சாப்புடல. புள்ள போன்ல பேசறப்ப எல்லாம் அழி, அழி, அத முதல்ல அழிச்சிட்டு வான்னு நான் அதே பாட்டுத்தான். நல்ல எடம், கையில வந்தது, மோரால போச்சேன்னு வெசனம்.

அப்பறம் கோகிலவாணியம்மா போன் பண்ணாங்க. ஊட்ல எல்லாரும் இருந்தோம், புள்ளையும் லீவுல வந்திருந்தா. பையனுக்குப் புடிச்சிருக்குது, எங்களுக்கும் புடிச்சிருக்குது, உப்புச் சக்கரை மாத்திக்கலாம்னாங்க. எங்க பக்கத்துல உப்பும் சக்கரையும் மாத்திக்கிட்டா சம்பந்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு அப்புடியே சொமைய எறக்கி வெச்சாட்ட இருந்துச்சு. அப்பச் சொல்றாங்க, "ஒண்ணே ஒண்ணுங்க. கண்ணாலத்துல நாலு சனம் வரும், போட்டோ எடுப்பாங்க. புள்ள கையில இருக்கறத அதுக்குள்ள அழிச்சிரச் சொல்லுங்க."

ஆகட்டுங்கன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். சத்தியமா அம்மிணி. நான் இத்தன நாளாச் சொல்லிட்டிருக்கறது அதுதான. ஆனா வாயிலருந்து வந்தது வேற.

"முடியாதுங்க"ன்னுட்டேன்.

எங்க ஊட்டுக்காரரு சாப்புட்டுட்டிருந்தவரு கைய அப்புடியே நிறுத்திட்டாரு. அந்தப் பக்கம் கோகிலவாணியம்மா, சரி, முழுசா அழிக்க வேண்டாம், மோரு இருந்துட்டுப் போகட்டும். அந்த அடிச்ச எடம்தான் பாக்க அபசகுனமா இருக்குது, அது மேல ஒரு பூவப் போட்டு மறைச்சிரட்டும்னாங்க. நல்லாத்தான் எறங்கி வந்து பேசறாங்க. நான் ஒத்துக்கிட்டிருக்கோணும்.

"இல்லீங்க. வேணும்னா மோர அழிச்சுக்கட்டும். உப்ப அழிச்சுக்கட்டும். அந்தக் கண்ணு அங்கதான் இருக்கும்" அப்புடின்னேன்.

போச்சு, எடம் போச்சுன்னு நெனச்சேன். போன் வெச்சுட்டாங்களான்னு காதுலருந்து எடுத்துக்கூடப் பாத்தேன். வெக்கல.

பொறவு கோகிலவாணியம்மா பேசுனாங்க. கொரலே வேற மாதிரி இருந்துச்சு. "அன்னிக்கு உங்க ஊட்லருந்து வந்ததுலருந்து என்ற பையன் கேக்கறானுங்க, நீங்க எனக்கு எப்பவாச்சும் எதாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களாம்மான்னு. நானும் ஊடு பூரா தேடுனேன். மண்டிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கறேன், பேங்குக்குப் போட்டிருக்கறேன். அவனுக்குன்னு ஒரு வரி இல்லீங்க. அதப் பாத்தா எனக்கு என்னமோ ஆவுது, அதான் அழிக்கச் சொன்னேன். இருக்கட்டுங்க. நல்லாருக்கட்டும்." இத்தன பேச்சு அந்தம்மா ஒரு நாள்ல பேசுனதே இல்லியாம், பையன் அப்பறம் புள்ளகிட்டச் சொல்லியிருக்கறான். இப்ப அவங்க மண்டியில துண்டுத் தாளு கெடைச்சா எதாச்சும் எழுதி அவன் சோத்துப் பாத்திரத்துல வெக்கறாங்களாம். 'தேங்கா வெல ஏறும், லோடு அனுப்பாதே'ன்னு நேத்து எழுதியிருந்தாங்களாம். அவங்களுக்கு அதுதான் வருது, பாவம்.

போன வெச்சுட்டுத் திரும்புனா புள்ள நிக்கறா. ஏம்மா, நீதானம்மா அழி அழின்னு உயிர வாங்குன, இப்ப என்னம்மாங்கறா.

நான் சொல்லலாம்டி, எழுதுனவ நானுன்னேன். அதுவுமில்லாம அத அடிச்சவளும் நானுதான். அத்தன கோவத்துல அத்தன கோடு போட்டு அடிச்சேன், எனக்கே அது போகல. இவங்க வந்து என்ன அழிக்கறதுன்னேன்.

அவ வந்து என்ற தோள்ல மூஞ்சிய வெச்சுக்கிட்டா. அவங்கப்பா சாப்பாட்ட விட்டு எந்திரிச்சு, கை கழுவறேன்னு பொறக்கடைப் பக்கம் போனவரு வரவே இல்ல ரொம்ப நேரம்.

காந்திபுரம் வந்துருச்சா? அட, பேசிட்டே வந்துட்டேன். உப்புச் சக்கரைக்குச் சேல எடுக்கோணும் இன்னிக்கு, புள்ள பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன்னா. சித்த கால நகத்திக்க. அதா பாரு, அந்தப் பூக்கடைகிட்ட, நீலச் சுடிதாரு. கைய முழுசா மடிச்சு விட்டுட்டு நிக்கறா பாரு. பூக்காரம்மா குனிஞ்சு படிக்குது.

எழுத்து அசிங்கந்தான். இருந்தாலும் படிக்கட்டும் போ.